காலி நாற்காலிக்கு ஆறு மாதக் கெடு

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இடைத்தேர்தலைப் பற்றியவை. வருவாய்த் துறையில் ஒன்பது வருடம் தேர்தல் துணை வட்டாட்சியராக இருந்தவன் நான். அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: எங்கள் எம்.எல்.ஏ. அமுல் கந்தசாமி 2025 ஜூனில் காலமானார். அதன் பிறகு இடைத்தேர்தலே வைக்கவில்லை. மலையில் இருப்பவர்கள்தானே என்று விட்டுவிட்டார்களா? (தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள், வால்பாறை)

மலை என்பதால் இல்லை, அம்மா. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இல் 151ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். 1996இல்தான் இதைச் சேர்த்தார்கள். அதற்கு முன் கெடுவே கிடையாது. ஆனால் அதிலேயே இரண்டு விலக்குகள் உண்டு. மீதிப் பதவிக்காலம் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் கெடு பொருந்தாது. மத்திய அரசைக் கலந்துகொண்டு, இப்போது நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் பொருந்தாது. உங்கள் தொகுதி ஜூன் 21ஆம் தேதி காலியானது. அந்தப் பேரவையின் காலம் 2026 மே 10 வரைதான். பதினொரு மாதம்கூட இல்லை. அதே இடம் ஏப்ரலில் காலியாகியிருந்தால் ஆறு மாதக் கெடு ஓட ஆரம்பித்திருக்கும்.

சட்டம் இப்படி. ஆனால் ஒரு தொகுதிக்குப் பத்து மாதம் என்பது சின்னக் காலமில்லை என்பதே என் எண்ணம். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

உங்களைப் போலக் காத்திருந்தவர்கள் வேறு ஊர்களிலும் உண்டு. கலைஞர் மறைந்த பிறகு திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 என்று தேதி குறித்து, கஜா புயல் நிவாரணத்தைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். ஏப்ரல் 18இல்தான் ஓட்டுப் போட்டார்கள். அதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம், கூரை பறந்த வீட்டுக்காரர்களுக்கு அப்போது தார்ப்பாய்தான் முதல் தேவை. நான் ஆற மாட்டாமல் இருப்பது அந்த 18 தொகுதிகளை நினைத்துத்தான். 2017 செப்டம்பர் 18இல் 18 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றார். பெரும்பாலான தொகுதிகளுக்கு 2019 ஏப்ரலிலும், அரவக்குறிச்சிக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் மே மாதத்திலும் தேர்தல் நடந்தது. ஆண்டிப்பட்டி, அரூர், பரமக்குடி, சாத்தூர் என்று அத்தனை ஊர்களுக்கும் ஒன்றரை வருடத்துக்கு மேல் சட்டசபையில் ஆள் இல்லை. இரண்டு பட்ஜெட் அவர்கள் இல்லாமலே நிறைவேறியது.

கே: எம்.எல்.ஏ. இல்லாத நாட்களில் மனுவை யாரிடம் கொடுப்பது? (ஓய்வுபெற்ற தபால்காரர், ஆனைமலை)

அவருக்குப் பதில் ஆள் என்று சட்டத்தில் யாரும் இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், எம்.பி. அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வால்பாறைக்காரர்கள் அதற்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி கோவை வரை போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் இப்படித்தான் இடம் காலியாக இருந்தது. எம்.எல்.ஏ. அலுவலகம் பூட்டிக் கிடந்தது. முதியோர் பென்ஷன் நின்றுபோன ஒரு பாட்டி, கதவிடுக்கு வழியாக மனுவை உள்ளே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். ஏழு மாதம் கழித்துக் கதவைத் திறந்தபோது தரையில் அப்படி முப்பதுக்கும் மேல் கிடந்தன. பாட்டியின் மனுவைக் கரையான் அரித்திருந்தது. பெயர் மட்டும் தெரிந்தது.

கே: இடைத்தேர்தலில் ஜெயிப்பவருக்கு ஐந்து வருடம் கிடைக்குமா? (கல்லூரி மாணவர், ஆரணி)

கிடைக்காது. மீதிக் காலம் மட்டும்தான். ஈரோடு கிழக்கில் 2025 பிப்ரவரியில் ஜெயித்தவருக்கு மிச்சமிருந்தது பதினைந்து மாதம்.

கே: இடைத்தேர்தல் என்றால் ஏன் இத்தனை சுயேச்சைகள்? வயதானவர்கள் சின்னத்தைத் தேடித் திணறுகிறார்களே? (இல்லத்தரசி, ஈரோடு)

ஒரே தொகுதியை ஊரே பார்க்கும்போது, தன் கோரிக்கையும் நாலு பேர் கண்ணில் படட்டும் என்று மனு போடுகிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு இயந்திரத்தில் 16 பட்டன்தான். உங்கள் ஊரில் 2023இல் 77 பேர் நின்றார்கள். நோட்டாவோடு 78. அதனால் மேஜையில் ஐந்து இயந்திரங்கள். என் அக்கா அங்கேதான் இருக்கிறார், கண்புரை வேறு. மூன்றாவது இயந்திரத்திலிருந்து தேட ஆரம்பித்துவிட்டாராம்!

ஒரு வழி சொல்கிறேன். அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள்தான் முதலில் வருவார்கள். அப்புறம் பதிவு மட்டும் செய்த கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலில் உங்கள் வேட்பாளரின் வரிசை எண்ணைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். பட்டனை அழுத்தியதும், யாருக்குப் போட்டீர்கள் என்று காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடியில் சீட்டு ஏழு நொடி தெரியும். அதைப் பார்த்த பிறகு வெளியே வாருங்கள்.

கே: ஓட்டுக்குப் பணம் எல்லோரும் வாங்குகிறார்கள். நான் மட்டும் வாங்காவிட்டால் என்ன மாறிவிடும்? (ஆட்டோ ஓட்டுநர், மதுரை)

உங்கள் பக்கத்து ஊரான திருமங்கலத்தில் 2009 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. அன்றிலிருந்து ஓட்டுக்குப் பணம் என்றாலே 'திருமங்கலம் ஃபார்முலா' என்கிறார்கள். உழைத்துப் பிழைக்கிற ஓர் ஊரின் பெயர் இதற்கு அடையாளமாகிப் போனதில் எனக்குத் தீராத வருத்தம்.

ஆர்.கே. நகரையும் பாருங்கள். ஜெயலலிதா மறைவால் 2016 டிசம்பர் 5இல் காலியான இடம் அது. 2017 ஏப்ரல் 12இல் வாக்குப்பதிவு நடக்க வேண்டும். பணப் பட்டுவாடா புகாரில், மூன்று நாள் முன்னால் தேர்தலையே ரத்து செய்தார்கள். கடைசியில் டிசம்பர் 21இல்தான் நடந்தது. யாரோ கொடுத்த கவரால், வாங்காதவர்களும் சேர்ந்து இன்னும் எட்டு மாதம் பிரதிநிதி இல்லாமல் இருந்தார்கள். சட்டத்தில் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பறக்கும் படையில் இருந்தபோது ஒரு இரவு பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டைப் பிடித்தோம். வீட்டு எண், ஓட்டு எண்ணிக்கை, பக்கத்தில் டிக். ஒரு வீட்டில் மட்டும் டிக் இல்லாமல் 'வேண்டாம் என்றார்' என்று எழுதியிருந்தது. தெருவில் நாற்பத்தோரு வீடு. அந்த ஒரு வரி இன்றும் என் நினைவில் இருக்கிறது.

கே: எனக்குப் போன மாதம்தான் 18 முடிந்தது. இடைத்தேர்தல் அறிவித்த பிறகு பெயர் சேர்க்க முடியுமா? (மாணவி, விழுப்புரம்)

முடியும். ஆனால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணியோடு பட்டியலை மூடிவிடுவார்கள். உங்கள் விண்ணப்பத்தை விசாரித்து முடிக்கவும் சில நாட்கள் ஆகும். அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் படிவம் 6ஐ இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், மகளே.