அம்மாவுக்கும் இருந்த நோய் என்றால் நட்டஈடு கிடைக்காதா?

கேள்வி: ஒன்ராறியோவில் தீயணைப்பு வீராங்கனையாக வேலை செய்கிறேன். முதல் 4 வருடம் ஒரு சின்ன ஊரில், பிறகு 8 வருடம் வேறொரு நகரசபையில். இரண்டும் முழுநேர வேலை. போன மாதம் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயொப்சியில் தெரியவந்தது. வயது 41. என் அம்மாவும் இதே நோயால்தான் இறந்தார். “பரம்பரை நோய்க்கு வேலையைக் குற்றம் சொல்ல முடியுமா? லீவைப் போட்டு வைத்தியத்தைப் பார்” என்கிறார் மேலதிகாரி. எங்கள் கப்டனுக்கு நுரையீரல் புற்றுநோய். 22 வருட சேவை, ஆனால் சிகரெட்டை விட்டு 6 வருடம்தான் ஆகிறது. எங்கள் இருவருக்கும் வழி இருக்கிறதா?

பதில்: சகோதரி, வைத்தியத்தைப் பாருங்கள் என்பதில் மட்டும் உங்கள் மேலதிகாரியோடு எனக்கு உடன்பாடு. மற்றதை அவரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

சாதாரணமாக ஒரு தொழிலாளி, “இந்த நோய் வேலையால் வந்தது” என்று தானே நிரூபிக்க வேண்டும். தீயணைப்புப் படையினருக்கு ஒன்ராறியோ இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. 1997ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சட்டத்தில் அவர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பட்டியலில் உள்ள புற்றுநோய் வந்து, குறித்த வருடங்கள் வேலை செய்து, தீ நடந்த இடத்தின் ஆபத்துகளுக்கு வழக்கமாக உட்பட்டிருந்தால், அது தொழிலால் வந்த நோய் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும்.

2007இல் வந்த முதல் பட்டியலில் மார்பகம் கிடையாது. 2014இல்தான் சேர்ந்தது. கருப்பை வாய், சூலகப் புற்றுநோய்கள் 2018 வரை காத்திருந்தன. பெண்கள் இந்த வேலைக்கு வந்து எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று பாருங்கள்! மார்பகப் புற்றுநோய்க்குத் தேவை மொத்தம் 10 வருட சேவை. ஒரே இடத்தில் 10 வருடம் என்று இல்லை, மொத்தம்தான் கணக்கு. உங்களுடைய 4உம் 8உம் சேர்ந்து 12. முதல் ஊரின் நகரசபையிடம் சேவைக்காலக் கடிதம் ஒன்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். பழைய கோப்பைத் தேடி எடுக்க அவர்களுக்கு நாளாகும்.

சரி, அம்மாவின் விஷயம். அதை மறைக்க வேண்டாம், மறைக்கவும் முடியாது. உங்கள் மருத்துவக் குறிப்புகளிலேயே இருக்கும். ஆனால் தாய்க்கு இருந்தது என்பது ஒரு கூடுதல் ஆபத்து, அவ்வளவுதான். வேலை காரணமில்லை என்று அது மட்டும் காட்டிவிடாது. மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவோடு ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள். அங்கே வாதம் கொஞ்சம் மாறும்.

இன்னொன்றும் உங்கள் காதில் விழலாம். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2022இல் தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் வைத்தது. போதிய சான்று என்று அது சொன்னது மீசோதெலியோமா என்னும் நுரையீரல் போன்ற உறுப்புகளின் உறையில் வரும் புற்றுநோய்க்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும்தான். பெருங்குடல், புரோஸ்டேட், விந்தகப் புற்றுநோய்கள், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், நொன்-ஹொட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு ஓரளவு சான்று. மார்பகம் அதில் இல்லை. “விஞ்ஞானமே சொல்லவில்லையே” என்று யாராவது மடக்கினால், அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள் என்று சொல்லுங்கள். புகையில் இருக்கும் பென்சீனும் கரியில் ஒட்டும் நச்சுகளும் ஆண் பெண் பார்த்துத் தோலுக்குள் போவதில்லை. ஆணின் அளவுக்குத் தைத்த அங்கியைப் பெண் போட்டால் கழுத்திலும் மணிக்கட்டிலும் இடைவெளி விழும் என்பதை நீங்களே அறிவீர்கள். எப்படியும் உங்கள் வழக்குக்கு இந்த விவாதமே தேவையில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது.

கப்டனுடைய நிலைமை வேறு. நுரையீரலுக்கு 15 வருட சேவை வேண்டும், அது அவரிடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் நோய் தெரிவதற்கு முந்திய 10 வருடம் புகைத்திருக்கவும் கூடாது. அங்கே தடுக்கி விழுகிறார். அதற்காக விண்ணப்பிக்காமல் விட வேண்டாம். தானாகக் கிடைக்கும் சலுகைதான் போனது, பொதுவான வழி திறந்தே இருக்கிறது. வேலை அந்த நோய்க்குக் குறிப்பிடத்தக்க பங்களித்தது என்று அவர் காட்ட வேண்டும். போன தீ விபத்துகளின் பதிவு, அஸ்பெஸ்டஸ் இருந்த பழைய கட்டடங்கள், தீ அணைந்த பிறகு முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சாம்பலைக் கிளறிய நாட்கள், கூட நின்றவர்களின் வாக்குமூலம் எல்லாம் இங்கே உதவும். இரு பக்கச் சான்றும் ஏறக்குறைய சமமாக நின்றால் கேட்பவருக்குச் சாதகமாகவே முடிவெடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 119ஆம் பிரிவு சொல்கிறது. புகைத்த காலத்தை மட்டும் குறைத்துச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பொய் பிடிபட்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

விண்ணப்பத்துக்குப் பொதுவாக 6 மாதம்தான் தவணை. நியாயமான காரணம் இருந்தால், விண்ணப்பத்தைப் பார்க்கும் பணியிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபை (WSIB) அதை நீடிக்கலாம், அதை நம்பி இருக்காதீர்கள். நிலையம் அனுப்பும் என்றும் காத்திருக்க வேண்டாம். தொழிலாளியின் அறிக்கையான படிவம் 6ஐ நீங்களே நிரப்பி, பயொப்சி அறிக்கையோடு அனுப்புங்கள். தொழிற்சங்கத்துக்கும் இன்றே சொல்லுங்கள், இந்தப் படிவங்கள் அவர்களுக்குப் பழக்கமானவை. மறுத்தால், கடிதத்தின் திகதியிலிருந்து 6 மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம், அதன் பிறகு மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. நகரசபை மீது வழக்குப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது. இந்த நட்டஈட்டுக்குப் பதிலாகச் சட்டம் அந்த உரிமையை எடுத்துக்கொண்டுவிட்டது.

சிகிச்சைக் களைப்பில் வேலையை இராஜினாமா செய்ய மட்டும் அவசரப்படாதீர்கள். மேலதிகாரி இனி ஏதாவது சொன்னால், எழுத்தில் தரச்சொல்லுங்கள்.