ஆல் வீல் டிரைவ் இருக்கும்போது வின்டர் டயர் எதற்கு?

வாசகர் கேள்வி: ஒன்டாரியோவில் ஏஜாக்ஸில் இருக்கிறோம். வண்டி 2021 ஹோண்டா சி.ஆர்-வி டூரிங், ஆல் வீல் டிரைவ். வண்டியோடு வந்த 19 அங்குல ஆல் சீசன் டயர்தான் இன்னும் ஓடுகிறது. வாரத்தில் நான்கு நாள் 401 நெடுஞ்சாலையில் மார்க்கம் வரை வேலைக்குப் போக வேண்டும். டிசம்பர் கடைசியில் மாண்ட்ரியலில் அக்கா வீட்டுக்கும் போவோம். ஆல் வீல் டிரைவுக்கு ஆல் சீசனே போதும் என்கிறார் கடைக்காரர். முன்னால் இரண்டு மட்டும் வின்டர் டயர் போட்டால் செலவு பாதிதான் என்கிறார் நண்பர். ஆல் வெதர் என்று வேறு ஒன்றும் விற்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: 17 அங்குல ஸ்டீல் ரிம்மில் நான்கு வின்டர் டயர் வாங்குங்கள். வீட்டில் டயர் அடுக்கி வைக்க இடமே இல்லையென்றால் நான்கு ஆல் வெதர், அதாவது வருடம் முழுக்க ஓட்டலாம், ஆனால் ஆல் சீசனைப் போலன்றிப் பனிச் சோதனையில் தேறிய டயர். பழைய ஆல் சீசனிலேயே இன்னொரு குளிர்காலத்தையும் ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரண்டு மட்டும் மாற்றுவது இவை எல்லாவற்றையும்விட மோசமான யோசனை. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் ஆல் வீல் டிரைவ். அது இன்ஜினின் விசையை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். சிவப்பு விளக்கிலிருந்து கிளம்பவும், பனி மூடிய மேட்டில் ஏறவும் அது உண்மையிலேயே உதவும். பிரேக் மிதிக்கும்போது அதற்கு வேலை இல்லை. எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வண்டி எங்கே நிற்கும் என்பதை டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்புதான் முடிவு செய்கிறது. ஆபத்தும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வண்டி சிரமமில்லாமல் கிளம்பிவிடுவதால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. அவர் அதை முதலில் உணர்வது பிரேக்கில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகம், இறுகிய பனி மூடிய தெரு. ஒரு வண்டியின் டயருக்கு உராய்வுக் குணகம், அதாவது சாலையில் அதன் பிடிப்பைக் காட்டும் எண், 0.3, இன்னொன்றுக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி சுமார் 33 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவதுக்கு 49 மீட்டர் வேண்டும். 16 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் கடக்கும். அந்த இடத்தில் யாராவது தெருவைக் கடந்துகொண்டிருந்தால் 0.1 வித்தியாசம் என்பதன் பொருள் அதுதான்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது? ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து கொடுக்க வேண்டும். குளிர் கூடக்கூட சாதாரண ரப்பர் விறைத்துப்போய் அந்த நெகிழ்வை இழக்கிறது. வின்டர் டயர் ரப்பரின் கலவையே வேறு. கடுங்குளிரிலும் அது மெத்தென்று இருக்கும். அதன் ட்ரெட்டில், அதாவது சாலையைத் தொடும் வெளிப்பரப்பில், உள்ள கட்டைகளை உற்றுப் பார்த்தால் நெளிநெளியாக ஏராளமான மெல்லிய கீறல்கள் தெரியும். ஒவ்வொரு கீறலும் சாலையைத் தொடும்போது சற்றே விரிந்து, பனிக்கட்டியைக் கவ்வ ஒரு கூடுதல் விளிம்பைத் தருகிறது. அகன்ற பள்ளங்களில் பனி சிக்கி இறுகிக்கொள்ளும். அழுக்கு என்று நினைத்துத் தட்டிவிட வேண்டாம். பனியைப் பனி பற்றிக்கொள்வதும் பிடிப்பில் ஒரு பங்கு.

'7 டிகிரிக்குக் கீழே வின்டர் டயர்' என்று எல்லாக் கடைகளிலும் எழுதி வைத்திருப்பார்கள். வழிகாட்டியாக அது சரி. டொரண்டோ பக்கம் நாளின் சராசரி வெப்பம் நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை ஏறக்குறைய அதற்குக் கீழேதான் இருக்கும். ஆனால் 7 டிகிரியில் ஏதோ சட்டென்று மாறிவிடுவதில்லை. 4 டிகிரியில், உலர்ந்த தாரில், நல்ல ஆல் சீசன் டயர் வின்டர் டயரைவிடச் சீக்கிரமே நிற்கக்கூடும். இதை டயர் விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். வின்டர் டயருக்குக் கொடுக்கும் காசு, குளிர்காலத்தின் பெரும்பாலான நாள்களுக்கானது அல்ல. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில், மேம்பாலத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பனி படிந்திருக்கும் சில காலைகளுக்கானது.

ஒன்டாரியோ ஏரிக்கரை ஊர்களில் அந்தக் காலைகள் குறைவல்ல. −20 டிகிரியில் இறுகிக் கிடக்கும் பனிக்கட்டியைவிட, 0-வை ஒட்டி மேலே மெல்லிய நீர்ப்படலத்தோடு இருக்கும் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். பகலில் உருகி இரவில் உறைவது இங்கே வாடிக்கை. சஸ்காட்சுவான் மாகாணத்து மூஸ் ஜோ அளவுக்கு இங்கே குளிரில்லையே என்று நிம்மதி அடைய வேண்டியதில்லை.

இனி டயரின் பக்கச்சுவரில் இருக்கும் குறிகள். உங்கள் இப்போதைய டயரில் 'எம் பிளஸ் எஸ்' என்று போட்டிருக்கும். சேறும் பனியும் என்று அதற்குப் பொருள். ட்ரெட்டில் போதுமான இடைவெளி இருந்தாலே அதை அச்சிடலாம், பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிப்பூ இருக்கும் சின்னம் வேறு; அதைப் போட, இறுகிய பனியில் ஒரு நிலையான ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு அதிக இழுவையைக் காட்டியாக வேண்டும்.

இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தச் சோதனை அளப்பது பனியில் முன்னோக்கி இழுக்கும் திறனை. பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதை அது பார்ப்பதில்லை. அதனால்தான் ஆல் வெதர் டயரும் அசல் வின்டர் டயரும் ஒரே சின்னத்தோடு கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2, டோயோ செல்சியஸ், பிரிட்ஜ்ஸ்டோன் வெதர்பீக் போன்றவை ஆல் வெதர். மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர்5 போன்றவை வின்டர். புதுப் பனியிலும் சகதியிலும் நல்ல ஆல் வெதர் டயர் வின்டருக்கு வெகு அருகில் வந்துவிடும். வித்தியாசம் பளிச்சென்று தெரிவது வெறும் பனிக்கட்டியில். வருடம் முழுக்க ஓடும் டயர் ஜூலை வெயிலையும் தாங்க வேண்டுமென்றால், அதன் ரப்பரை வின்டர் டயர் அளவுக்கு மென்மையாக்க முடியாது.

நகருக்குள்ளேயே ஓட்டுபவர், பனி கொட்டினால் வீட்டிலிருந்தே வேலை செய்துவிடக்கூடியவர், காண்டோவில் டயர் வைக்க இடமில்லாதவர் ஆகியோருக்கு ஆல் வெதர் நியாயமான தேர்வு. உங்கள் நிலை அப்படியல்ல. விடிவதற்கு முன் 401, டிசம்பர் கடைசியில் கிங்ஸ்டன், கார்ன்வால் வழியாக ஐந்தாறு மணி நேரப் பயணம். அதனால்தான் வின்டர் என்கிறோம்.

இரண்டு மட்டும் போடுவதைப் பற்றி. முன் சக்கரங்கள் பிடித்துக்கொள்ள, பின் சக்கரங்கள் வழுக்கினால் வளைவில் வால் பக்கம் வெளியே வீசும். அதிலும் நெடுஞ்சாலையிலிருந்து ராம்ப்பில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும். வண்டியை நிலைப்படுத்தும் மின்னணு வசதியாலும் இல்லாத பிடிப்பை உருவாக்க முடியாது. உங்கள் வண்டிக்கு இன்னொரு கேடும் உண்டு: முன்னும் பின்னும் டயரின் சுற்றளவு மாறினால், பின் சக்கரங்களுக்கு விசை அனுப்பும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். டயரில் மிச்சம் பிடித்த காசு, விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் டிரைவ் லைனைப் பழுதுபார்ப்பதில் போய்விடும். நான்கும் ஒரே தயாரிப்பு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே ட்ரெட் ஆழம் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அளவுக்கு வருவோம். இப்போது இருப்பது 235/55 ஆர் 19; விட்டம் சுமார் 741 மி.மீ. அதே தலைமுறை சி.ஆர்-வியின் கீழ்நிலை மாடல்களில் வரும் 235/65 ஆர் 17-இன் விட்டம் சுமார் 737. வித்தியாசம் அரை சதவீதம்தான், ஸ்பீடோமீட்டர் கெடாது. 17 அங்குல டயர் விலையும் குறைவு. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் மார்ச் மாதக் குழிகளில் விழுந்தாலும் ரிம் வளையும் வாய்ப்பு குறைவு. உப்பு அரிப்பதும் உங்கள் அழகான 19 அங்குல அலாயை அல்ல, ஸ்டீல் ரிம்மை. ரிம் வாங்கும்போது போல்ட் அமைப்பு 5×114.3, நடுத்துளை 64.1 மி.மீ. என்று சொல்லுங்கள், பிரேக் காலிப்பரில் உரசவில்லையா என்று ஒரு சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். டயரின் சுமைக் குறியீடு ஓட்டுநர் கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. வேகக் குறியீடு ஒரு படி இறங்கினால் பரவாயில்லை.

காற்றழுத்த சென்சார் நான்கு வாங்குங்கள் என்று கடையில் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பல வண்டிகளில் ரிம்முக்குள் சென்சார் இருக்கும். உங்கள் சி.ஆர்-வி, சக்கரம் சுழலும் வேகத்தை ஏ.பி.எஸ். சென்சார்களால் ஒப்பிட்டே அழுத்தம் குறைந்ததைக் கண்டுபிடிக்கிறது. டயரை மாற்றி, காற்றைச் சரிசெய்த பிறகு, வண்டியை நிறுத்தி 'பி'-யில் வைத்து, திரையில் செட்டிங்ஸ், வெஹிக்கிள் வழியாக டி.பி.எம்.எஸ். (டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு) கேலிபிரேஷனை ஓட்டிவிட்டால் போதும். பிறகு மொத்தம் அரை மணி நேரம் ஓடினால் அது தானே கற்றுக்கொள்ளும். குறைந்த காற்றோடு கேலிபிரேட் செய்துவிட்டால் அந்தக் குறைந்த அழுத்தத்தையே சரியென்று எடுத்துக்கொள்ளும்; வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது நட்டை. ஹோண்டாவின் அசல் வீல் நட்டின் இருக்கை உருண்டையானது. வெளியே வாங்கும் ரிம்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு வடிவ நட் வேண்டும். உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் முடுக்கினால் மெல்லிய ஒரு வளையம் மட்டுமே தொடும். இறுகியது போலக் காட்டி, ஓடஓடத் தளரும். ரிம்மோடு சரியான 20 நட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

நீங்களே மாட்டுவதாக இருந்தால், முதலில் ரிம் பொருந்தும் ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். துரு இடையில் இருந்தால் ரிம் சமமாக உட்காராது. நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக முடுக்கி, ஜாக்கியை இறக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 80 அடி-பவுண்டு, அதாவது 108 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குங்கள். போல்ட் மரையில் எண்ணெயோ கிரீஸோ பூச வேண்டாம். பூசினால் அதே அளவீட்டில் நட் தேவைக்கு மேல் இறுகிவிடும். 80 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கடையில் மாட்டினாலும் இது பொருந்தும். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் பாருங்கள். வலதை இடதில் மாட்டிவிட்டால் சகதியைத் தள்ள வேண்டிய பள்ளங்கள் எதிர்த்திசையில் வேலை செய்யும்.

காற்றழுத்தம், வெப்பம் 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். 20 டிகிரியில் இருக்கும் கராஜில் 33 வைத்துவிட்டு −15-இல் வெளியே போனால் 27 பக்கம் வந்துவிடும். மாதம் ஒருமுறை, வண்டி இரவு முழுக்க வெளியே நின்ற பிறகு, கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். நைட்ரஜன் நிரப்பக் காசு கேட்டால் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

செலவைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வின்டர் டயர் ஓடும் மாதங்களில் உங்கள் கோடைக்கால டயர் தேயாமல் இருக்கிறது. எனவே உண்மையான கூடுதல் செலவு ரிம்மும், வருடத்துக்கு இரண்டு முறை மாற்றும் கூலியும்தான். விலை கேட்கும்போது பேலன்சிங், வால்வு, மறுசுழற்சிக் கட்டணம், 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்டாரியோவில் 2016 ஜனவரி முதல் கார் காப்பீட்டு நிறுவனங்கள் வின்டர் டயருக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும். பெரும்பாலும் 5 சதவீதம் வரை. கேட்டால்தான் தருவார்கள். ஆல் வெதரையும் ஏற்பார்களா என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

மாண்ட்ரியல் பயணத்துக்குச் சட்டச் சிக்கல் இல்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். ஆனால் அது அங்கே பதிவான வண்டிகளுக்கு. உங்கள் ஒன்டாரியோ எண் பலகைக்கு அபராதம் கிடையாது. ஆல் சீசனோடு போனால் சுற்றிலும் வின்டர் டயரில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே உங்கள் வண்டி மட்டும் தாமதமாக நிற்கும், அவ்வளவுதான்.

வின்டர் டயராலும் ஆகாதவை உண்டு. 2022 ஜனவரி 17 அன்று டொரண்டோவின் சில பகுதிகளில் அரை மீட்டர் பனி கொட்டியது. நகரின் முக்கிய விரைவுச்சாலையான டான் வேலி பார்க்வேயையே மூடினார்கள். சி.ஆர்-வியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி சுமார் 21 செ.மீ. பனி அதைத் தாண்டினால் வண்டி பனிமேல் உட்கார்ந்துவிடும், டயர் தரையைத் தேடும். அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

பழைய வின்டர் டயர் மலிவாகக் கிடைத்தால் இரண்டைப் பாருங்கள். ட்ரெட் ஆழம் 4 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் சட்டப்படி ஓடலாம், பனியில் பயன் இல்லை. பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம். ஆறு வருடத்துக்கு மேலானதை, ட்ரெட் எவ்வளவு இருந்தாலும், வாங்க வேண்டாம்.

மாற்றும் நாளை அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் முதல் வாரத்துக்கு இப்போதே பதிவு செய்யுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் எந்தக் கடையிலும் இடம் இருக்காது. கழற்றுவது ஏப்ரல் நடுவில். கழற்றும்போதே 'முன் இடது', 'பின் வலது' என்று சாக்பீஸால் எழுதி, கழுவிக் காயவைத்து, வெயில் படாத, ஃபர்னேஸ் பக்கத்தில் இல்லாத மூலையில் படுக்கையாக அடுக்குங்கள். உங்கள் 19 அங்குல ஆல் சீசனை இப்போதே தூக்கிப் போட வேண்டாம். ஆழத்தை அளந்து பாருங்கள், 4 மி.மீ. பக்கம் இருந்து, வெடிப்பும் இல்லையென்றால் இன்னொரு கோடைக்கு ஓடும்.