ஹவாய் பற்றிக் கேளுங்கள்: ஹொனலூலுவில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் பதில்கள்

கே: அண்ணா, ஹவாய் எப்போது மாநிலமானது? தலைநகரம் எது?

ப: 1959 ஆகஸ்ட் 21, அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலம். தலைநகரம் ஹொனலூலு, அது ஓவாஹு தீவில் இருக்கிறது, ஹவாய் என்றே பெயருள்ள பெரிய தீவில் இல்லை. கையோடு ஒன்று: அங்கே குடியிருப்பவரெல்லாம் ‘ஹவாயர்’ இல்லை. அது பூர்வகுடிகளுக்கு மட்டுமான பெயர்.

கே: மாநிலக் கொடியின் மூலையில் பிரிட்டிஷ் கொடி ஏன்? காலனியாக இருந்ததா?

ப: இல்லை. 1790களில் கேப்டன் வான்கூவர் முதலாம் கமேஹமேஹா அரசருக்கு ஒரு பிரிட்டிஷ் கொடி கொடுத்தார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கோடுகள் எட்டும் எட்டு முக்கியத் தீவுகள். 1843இல் பாலெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி மேலிடத்தைக் கேட்காமலே தீவுகளைப் பிடித்து ஐந்து மாதம் வைத்திருந்தார். அப்புறம் அட்மிரல் தாமஸ் வந்து ஜூலை 31 அன்று மூன்றாம் கமேஹமேஹாவிடமே திருப்பிக் கொடுத்தார். அன்று அரசர் சொன்னதுதான் இன்றைய மாநில வாசகம்: மண்ணின் ‘எயா’ அறத்தால் நிலைக்கிறது. எயா என்றால் உயிர், இறையாண்மை என்றும் பொருள். அரசு முத்திரையில் உயிர் என்று படிக்கிறார்கள், இறையாண்மை கேட்டுப் போகும் பூர்வகுடிகளின் ஊர்வலத்தில் இறையாண்மை என்று.

கே: மாநிலப் பூ, பறவை?

ப: மஞ்சள் செம்பருத்தி, 1988 முதல். பறவை நேனே, வாத்து இனம். காவாயி தீவில் என் வாடகைக் கார் முன்னால் இரண்டு நேனே, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஆற அமர நடந்து போயின. ஹாரன் அடிக்காதீர்கள், தீனியும் போடாதீர்கள்.

கே: கொடியில் பிரிட்டிஷ் கொடி ஏன் சார்?

ப: மேலே.

கே: ஊர்வலம் எதற்கு? 1959இல் மக்களே ஓட்டுப் போட்டுத்தானே சேர்ந்தார்கள்?

ப: போட்டார்கள், 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. ஆனால் சீட்டில் இருந்தது மாநிலமாகலாமா வேண்டாமா என்பது மட்டும்தான், தனிநாடு என்ற பேச்சே அதில் இல்லை. 1893 ஜனவரியில் லிலியுவோகலானி ராணியை வெள்ளைக்கார வியாபாரிகளும் வக்கீல்களும் சேர்ந்து இறக்கினார்கள், அப்போது அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து சிப்பாய்கள் இறங்கி அரண்மனைக்குப் பக்கத்தில் நின்றார்கள். 1897இல் 21,000 பேருக்கு மேல் அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்துக் கையெழுத்துப் போட, அமெரிக்க செனட்டில் இணைப்பு ஒப்பந்தம் தேறவில்லை. மறு வருஷம் அமெரிக்காவுக்கு ஸ்பெயினோடு போர் மூண்டது, அதற்கு இந்தத் தீவுகள் தேவைப்பட்டன. ஒப்பந்தத்துக்குத்தானே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், கூட்டுத் தீர்மானத்துக்குப் பெரும்பான்மை போதும் என்று அந்த வழியில் முடித்துவிட்டார்கள்.

கே: ராணியை இறக்கியதற்கு அமெரிக்கா 1993இல் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டாயிற்றே, இன்னும் என்ன?

ப: வீட்டை எடுத்துக்கொண்டவர் ஸாரி சொன்னால் சாவி திரும்பி வந்துவிடுமா தம்பி? இதனால் எந்தக் கோரிக்கையும் தீர்ந்ததாகாது என்று அந்தத் தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறது. இயோலானி அரண்மனைக்குப் போனால் மாடியில் ராணியை 1895இல் சிறைவைத்த அறையைப் பாருங்கள். அவரும் துணைக்கு இருந்தவர்களும் ஒட்டுத்துணிகளில் தைத்த விரிப்பு இருக்கிறது. நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

கே: அங்கே நம்ம கோயில் உண்டா?

ப: காவாயி ஆதீனம். சிவன் கோயில், யாழ்ப்பாணத்து யோகசுவாமி பரம்பரை.

கே: ஹவாயர்கள் எல்லோரும் ஆங்கிலம்தானே பேசுவார்கள்?

ப: யார் ஹவாயர்? முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.