ஏசியில் கழற்றிய பழைய செம்புக் குழாயைப் பன்னீர் வடிக்கப் பயன்படுத்தலாமா? எப்படிச் சுத்தம் செய்வது?

பயன்படுத்தலாம், ஆனால் கிடைக்கிற எல்லாக் குழாயையும் அல்ல. காரைக்குடியில் வீட்டு விசேஷங்களுக்குப் பன்னீரும் வெட்டிவேர்த் தண்ணீரும் வடித்துக் கொடுக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். (சாராயம் வடிக்க என்றால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். இந்தப் பதில் அதற்கில்லை.)

வாங்கும்போதே காந்தம் வைத்துப் பாருங்கள். பழைய ஃபிரிட்ஜ் குழாய்களில் சில, இரும்பின் மேல் செம்பு பூசியவை. ஒட்டினால் வேண்டாம். பற்றவைத்த இணைப்புகள் இருந்தால் இரண்டு பக்கமும் தாராளமாக விட்டு வெட்டி எறியுங்கள். பழைய பற்றில் காரீயம் இருக்கலாம், சில வெள்ளிப் பற்றில் காட்மியமும் உண்டு. எந்தக் கழுவலுக்கும் அது போகாது.

நம் ஊரில் செம்பு என்றாலே கை புளிக்குத்தான் போகும். செப்புக்குடத்துக்கு அது சரி. ஏசி குழாயின் உள்ளே இருப்பது களிம்பு மட்டுமல்ல, கம்ப்ரசர் எண்ணெயும் படிந்திருக்கும். எண்ணெய் இருக்கும்வரை புளிப்பு செம்பைத் தொடாது. வெளியே பளபளவென்று ஆகிவிடும், உள்ளே அப்படியே இருக்கும். ஆவி போவது உள்ளேதான். அதனால் முதலில் எண்ணெயை எடுங்கள்.

குழாயைச் சுருட்டுவதற்கு முன்பே, நேராக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சலவை சோடா போட்ட கொதிநீரை ஊற்றி, இரு முனையையும் அடைத்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். அப்புறம் தூண்டில் நரம்பை உள்ளே விட்டு, முனையில் பழைய வேட்டித் துணியைக் கட்டி இழுங்கள். துணி கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியில், இழுத்துக்கொண்டே இருங்கள். மூன்று நூல் (3/8 அங்குல) குழாய் என்றால் சுலபம், இரண்டு நூல் (1/4 அங்குல) குழாய்க்குப் பொறுமை வேண்டும்.

எண்ணெயை எரித்துவிடலாம் என்று அடுப்பில் காட்டாதீர்கள். மிச்சமிருக்கும் ஏசி வாயு தீயில் பட்டால் நச்சுப் புகையாகும்.

எண்ணெய் போன பிறகு புளிப்பு. புளியின் சக்கை குழாயை அடைக்கும், அதனால் வினிகரோ எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலோ நல்லது. அரை மணி நேரம் போதும். இரவெல்லாம் ஊறவிட்டால் காற்றுப் படுகிற இடத்தில் செம்பே அரித்துப் பச்சை கட்டும். பிறகு சோடா உப்புத் தண்ணீர் ஒரு முறை, நல்ல தண்ணீர் பல முறை.

சுருட்டும்போது குழாய் நசுங்காமலிருக்க உலர்ந்த மணலை இறுக்கி நிரப்புவார்கள். மணலைத் தட்டி எடுத்துத் திரும்பவும் அலசுங்கள்.

பூ போடுவதற்கு முன் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி விடுங்கள், அடுத்து கொஞ்சம் வினிகர் கலந்து ஒரு முறை, மறுபடி வெறும் தண்ணீர். மூன்றையும் கொட்டிவிடுங்கள். கடைசியில் வடிவது நிறமோ எண்ணெய் மினுமினுப்போ இரும்பு வாடையோ இல்லாமல் இருக்க வேண்டும். லேசான நீலப்பச்சை தெரிந்தாலும் மறுபடி அலசத்தான் வேண்டும். குடிநீரில் செம்பு அதிகபட்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கண்ணுக்கு நிறம் தெரிகிறதென்றால் அதைத் தாண்டியிருக்கும். பன்னீரைத் தெளிக்க மட்டுமா செய்கிறோம், பாயசத்திலும் சர்பத்திலும் ஊற்றிக் குழந்தைக்கும் கொடுக்கிறோமே.

வேலை முடிந்ததும் ஊதி ஈரம் போக்கி, காயவைத்து எடுத்து வையுங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்திருந்தால் அடுத்த தடவையும் முதல் வடிப்பு வெறும் தண்ணீராகவே இருக்கட்டும்.