வெள்ளைச் சஃபயரா, சிர்கோனா? – கேள்வி பதில்

திருகோணமலை வாசகர்கள் இரத்தினக்கற்களைப் பற்றிக் கேட்டவற்றில் பெரும்பாலானவை சிர்கோனையும் சஃபயரையும் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

உப்புவெளி, ஆசிரியை: ஐயா, அம்மாவின் தோட்டில் உள்ள வெள்ளைக் கல்லைச் சஃபயர் என்றே நினைத்திருந்தோம். நகைக்கடையில் சிர்கோன் என்றார்கள். போலிக் கல்லா?

போலி இல்லை, தங்கச்சி. சிர்கோன் மண்ணில் விளைந்த அசல் கனிமம், சிர்க்கோனியம் சிலிக்கேற்று. செயற்கையாக உருவாக்கப்படும் க்யூபிக் சிர்கோனியா வேறு பொருள். அது சிர்க்கோனியம் ஒட்சைட்டு. பெயர்கள் நெருங்கி ஒலிப்பதால் நல்ல கல்லுக்குக் கெட்ட பெயர் வந்திருக்கிறது. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. நிறமற்ற சிர்கோனுக்கு நம் நாட்டில் ‘மாத்தறை வைரம்’ என்றே பெயர் உண்டு. காரணம் அதன் நிறப்பிரிகை, அதாவது வெள்ளொளியை நிறங்களாகப் பிரிக்கும் திறன்: வைரத்துக்கு 0.044, சிர்கோனுக்கு 0.039, சஃபயருக்கோ 0.018 மட்டுமே. வானவில் நிறங்களைத் தெறிப்பதில் சஃபயர் சிர்கோனுக்கு அருகில்கூட வராது.

கிண்ணியா, மாணவர்: பெரிய கருவிகள் இல்லாமல் இரண்டையும் பிரித்தறிய முடியுமா?

பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை போதும், தம்பி. கல்லின் மேல்தட்டு வழியாக அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகளைப் பாருங்கள். சிர்கோன் என்றால் ஒவ்வொரு விளிம்பும் இரண்டிரண்டாகத் தெரியும். உள்ளே நுழையும் ஒளியை அது இரு கதிர்களாகப் பிரிக்கிறது. முறிவுச் சுட்டி, அதாவது கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு, ஒரு கதிருக்கு 1.93 அளவில், மற்றதற்கு 1.98 அளவில். சஃபயரும் ஒளியைப் பிரிக்கிறது, ஆனால் 1.762, 1.770 என வேறுபாடு 0.008 தான் என்பதால் சிறிய கல்லில் கண்ணுக்குப் பிடிபடாது. ஒரே கோணத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சிர்கோனிலும் ஒரு திசையில் இரட்டிப்புத் தெரியாது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

மூதூர், நகைத் தொழிலாளி: என்னிடம் நல்ல தராசு இருக்கிறது. எடையை வைத்துச் சொல்ல முடியுமா?

தாராளமாக, அண்ணா. நகையில் பதிக்காத கல்லாக இருக்க வேண்டும். முதலில் கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு சிறிய கிண்ணத்தில் நீரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது கல் இடம்பெயர்த்த நீரின் எடை. கல்லின் எடையை அதனால் வகுத்தால் சாரடர்த்தி, அதாவது கல் அதே கனவளவு நீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்பது. 2.00 கரட் கல்லுக்கு 0.50 காட்டினால் விடை 4.0, சஃபயர். 0.43 காட்டினால் 4.65, சிர்கோன். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழியைத் துடைத்துவிடுங்கள். அதுவே கணக்கைக் கெடுக்கும். ஒரு கரட்டுக்குக் குறைந்த கல்லில் இந்த முறையை நம்ப மாட்டேன்.

புல்மோட்டை, வாசகர்: எங்கள் கடற்கரைக் கனிய மணலிலும் சிர்கோன் உண்டே, பட்டை தீட்ட முடியாதா?

முடியாது, மணல் துகள்கள் அவ்வளவு சிறியவை. ஆனால் அதே கனிமம்தான். சாதாரண வெண்மணலான குவார்ட்ஸின் சாரடர்த்தி 2.65, அலை அதை எளிதாக அள்ளிச் செல்கிறது, பாரமான இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்கோனும் கரையில் தங்குகின்றன. காந்தம் இல்மனைட்டை இழுத்துக்கொள்ளும், சிர்கோனை விட்டுவிடும். உங்கள் மணலின் சிர்கோன் ஓடுகளின் மெருகுப்பூச்சுக்குப் பயன்படும் சரக்கு.

தம்பலகாமம், வாசகர்: பச்சைக் கல் ஒன்று. சாரடர்த்தி 4.0, விளிம்புகளும் இரட்டிக்கவில்லை. பச்சைச் சஃபயர் என்று வாங்கலாமா?

பொறுங்கள், ஐயா. நல்ல தரகர்களும் தடுமாறும் இடம் இது. சில சிர்கோன்களில் யுரேனியமும் தோரியமும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அவற்றின் கதிர்வீச்சு கோடிக்கணக்கான ஆண்டுகளில் படிக அமைப்பை உள்ளிருந்தே சிதைத்துவிடுகிறது. அப்போது சாரடர்த்தி 4.0 வரை இறங்கும், முறிவுச் சுட்டி 1.8 அளவுக்குக் குறையும், இரட்டிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். இலங்கையின் பச்சைச் சிர்கோன்களில் இது நன்கு அறியப்பட்டது. நான் மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் இங்கே கைகொடுக்கா. கல்லின் வழியே வரும் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைகாட்டி வேண்டும்: சிர்கோன் என்றால் சிவப்பு நிறத்தில், 653 நானோமீற்றர் அலைநீளம் அருகே, கருங்கோடு அல்லது மங்கலான கருநிற வரி தெரியும். பச்சைச் சஃபயர் என்றால் அதிலுள்ள இரும்பினால் 450 நானோமீற்றர் அருகே நீலத்தில் கருநிற வரி விழும். அந்தச் சோதனை முடியும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

திருகோணமலை நகர், வாசகி: தினமும் அணியும் மோதிரத்துக்கு எது?

சஃபயர். கீறலைத் தாங்கும் வன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோவின் அளவுகோலில் அது 9. சிர்கோன் 7.5 வரைதான், அதோடு நொறுங்கும் இயல்புள்ளது; விளிம்புகள் சீக்கிரம் மழுங்கும். தோட்டிலும் பதக்கத்திலும் சிர்கோனை அச்சமின்றி அணியலாம். பல சிர்கோன்களை ஒரே காகித மடிப்பில் போட்டு வைக்காதீர்கள். ஒன்றோடொன்று உரசியே பட்டைகள் தேய்ந்துவிடும்.