அரைப்புள்ளிக் கணக்கு

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

என் மனைவி இறந்து பத்து மாதங்கள் ஆகின்றன. தலைத்திவசத்துக்குள் அவள் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கட்டிக் கொடுக்கலாம் என்கிறான் மகன். முகப்பில் பெரிய படமாக வரைந்து மாட்டலாம் என்கிறாள் மகள். நினைவு மலர் போடலாம் என்பது என் எண்ணம். ஆனால், வீட்டைத் தவிர வேறொன்றும் அறியாதவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று பேனா நின்றுவிடுகிறது. எது பொருத்தம்?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து மாதத் தனிமைக்கு என்னிடம் ஆறுதல் எதுவும் இல்லை. நானும் துணையை இழந்தவள்தான். வகுப்பறையும் படமும் பிள்ளைகளின் ஆசை, செய்யட்டும். சென்னை ராணி சீதை மன்றத்துக்கு வந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சீதை ஆச்சி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் மனைவி என்பது தெரியும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ‘எழுத என்ன இருக்கிறது’ என்று கேட்டீர்களே, அதைச் சும்மா விட எனக்கு மனமில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய நம் நகரத்தாரின் கோவில்கள் 9-இலும், குடும்பங்களை எண்ணும் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தே ஒரு புள்ளி. ஒருவர் மறைந்தால் மற்றவர் அரைப்புள்ளி. இதைக் குறையாகச் சொல்லி அழுகிறவர்கள் உண்டு. நம் ஆண்கள் எழுதிவைத்த கணக்குகளில் நியாயமான கணக்கு இது ஒன்றுதான் என்பது என் நெடுநாளைய எண்ணம். கடைப் பேரேட்டில் ஒரு வரியும் பெறாத பெண்ணுக்குக் கோவில் கணக்காவது சரிபாதி கொடுத்தது. அந்தப் பாதிக்குள் என்ன இருந்தது என்று எழுதத்தான் ஆளில்லாமல் போயிற்று.

என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 3 வருடத் தவணைகளாக ரங்கூன் கடையில் இருந்தவர். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது ஊர் திரும்பினார். அதுவரை வீட்டை நடத்தியவர் அவர் மனைவி, என் அப்பத்தா. தாம் இல்லாத ஆண்டுகளில் அந்த வீட்டில் நடந்த எதுவும் தமக்குத் தெரியாது என்பது, அப்பத்தா இறந்த பிறகுதான் ஐயாவுக்கு உறைத்தது. பழைய பாக்கி வசூலிப்பவரைப்போல வீடு வீடாகப் போய்க் கேட்டார். மழை பொய்த்த ஆண்டில் நெல் எங்கிருந்து வந்தது, முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரங்களில் எந்தப் பத்தியின் ஓடுகளை அப்பத்தா பிரித்து மாற்றினார், வளவு என்கிற உள்வீட்டைப் பங்கிடுவதில் மூண்ட பங்காளி வழக்கை யாரைக் கூப்பிட்டுத் தீர்த்தார், நாத்தனார் மகளின் கல்யாணத்துக்குத் தம் வைரத்தோட்டை எந்த ஊரில் அடகு வைத்து எப்போது மீட்டார் என்பதையெல்லாம் ஒரு பழைய பேரேட்டின் மிச்சத் தாள்களில் எழுதினார். உருகி எழுத அவருக்குத் தெரியாது. தேதி, ஆள், தொகை, காரியம் என்று மட்டுமே இருக்கும். நான் அப்பத்தாவை அறிந்தது அந்தத் தாள்களில்தான்.

உங்கள் தலைமுறைக்கு ரங்கூன் என்ற சாக்கும் இல்லை, அண்ணே. ஒரே கூரைக்கு அடியில் இருந்துகொண்டு, ‘வேறொன்றும் அறியாதவள்’ என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? கடிதத்தில் உங்கள் மனைவியின் பெயர்கூட இல்லை. வேலைக்கு வரும் பெண்ணிடம் கேளுங்கள். ஆச்சியின் கூடப்பிறந்தவர்களிடம் கேளுங்கள். அவர் கையால் எழுதிய பால் கணக்கு நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போகுமுன் எடுத்து வையுங்கள். ‘அன்பே உருவானவர், விருந்தோம்பலில் சிறந்தவர்’ என்பதெல்லாம் வேண்டாம். அவை யார் படத்துக்குக் கீழேயும் பொருந்தும்.

எழுதியதை எனக்கு அனுப்பாதீர்கள். முதலில் மகளிடம் கொடுங்கள். அவர் நிறையத் திருத்துவார்.