ஷிப்பா, போட்டா? கேள்வி பதில்

கேள்வி: சார், எத்தனை மீட்டருக்கு மேல் போனால் ஷிப்?

அப்படி உலகத்துக்கே பொதுவான அளவு எதுவும் கிடையாது. கடலில் மோதலைத் தடுக்கும் 1972 விதிகள் இரண்டையும் 'வெசல்' (கலம்) என்றே சொல்கின்றன. அங்கே நீளத்தை வைத்துத் தீர்மானிப்பது விளக்கையும் ஒலியையும்தான்: 12 மீட்டரிலிருந்து விசில், 20 மீட்டரிலிருந்து கூடவே மணி, 100 மீட்டரிலிருந்து காங் (அடித்து ஒலிக்கும் உலோகத் தட்டு). என்ஜினில் ஓடும் கலம் 50 மீட்டரை எட்டினால் இரண்டாவது மாஸ்ட்ஹெட் விளக்கும் (கம்பத்தில் உயரத்தில் எரியும் வெள்ளை விளக்கு) வேண்டும்.

கேள்வி: ஷிப்பில் போட்டை ஏற்றலாம், போட்டில் ஷிப்பை ஏற்ற முடியாது என்கிறார்களே, சரியா?

பெரும்பாலும் பொருந்தும். டைட்டானிக் 20 லைஃப்போட்களோடுதான் கிளம்பியது. ஆனால் நடுத்தர யாட்கூட (உல்லாசக் கலம்) டிங்கி என்ற சின்னப் படகு ஒன்றைச் சுமக்கும், அதற்காக யாரும் அதை ஷிப் என்பதில்லை. அளவுகோலாக இதை நம்ப வேண்டாம்.

கேள்வி: திருப்பும்போது ஷிப் வெளிப்பக்கம் சாயும், போட் உள்பக்கம் சாயும் என்று படித்தேன். ஏன் அண்ணா?

சாய்வை முடிவு செய்வது அடிப்பகுதியின் வடிவமும் வேகமும். நீரைத் தள்ளிக்கொண்டு போகும் பெரிய கலத்தில் சுக்கானைத் திருப்பியதும், சுக்கானில் விழும் விசை கீழே இருப்பதால் முதலில் லேசாக உள்பக்கம் சாயும். பிறகு பக்கவாட்டு நீரழுத்தம் கலத்தைத் திருப்பத்தின் மையத்தை நோக்கித் தள்ளும். எடையின் மையம் அந்த அழுத்தம் விழும் இடத்துக்கு மேலே இருப்பதால் மேல்பகுதி வெளிப்பக்கம் போகும். இந்த நிலையில் பயந்துபோய் சுக்கானைச் சட்டென்று நேராக்குவதுதான் பெரிய தப்பு. சாய்வைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்ததே அந்தச் சுக்கான் விசைதான். அது போனால் சாய்வு இன்னும் கூடும். வேகத்தைக் குறைத்து, சுக்கானை மெல்ல விடுவிக்க வேண்டும். டாங்குகள் பாதி நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கும் திரவமும் சாய்ந்த பக்கமே ஓடி நிலைமையை மோசமாக்கும்.

அடி 'வி' வடிவில் இருக்கும் ஸ்பீட்போட் நீர்மேல் எழும்பி ஓடும்போது உள்பக்கம் சாயும். அதே போட்டை மெதுவாகத் திருப்பினால் இந்தச் சாய்வு அப்படி வராது. ஆகவே இதுவும் பெயருக்கான சோதனை இல்லை.

கேள்வி: அப்புறம் ஏன் சப்மரீனைப் போட் என்கிறார்கள்?

வெறும் வழக்கம். ஆரம்பகால நீர்மூழ்கிகள் சிறியவை, பேர் ஒட்டிக்கொண்டது. 170 மீட்டர் நீள அமெரிக்க ஒஹையோ வகை நீர்மூழ்கியும் மாலுமிகளுக்குப் போட்தான். வட அமெரிக்கப் பேரேரிகளில் 300 மீட்டரைத் தாண்டும் தாதுக் கலங்களையும் அப்படியே அழைக்கிறார்கள். பாய்மரக் காலத்தில் இன்னும் கறார்: மூன்று பாய்மரம், மூன்றிலும் சதுரப்பாய் இருந்தால்தான் ஷிப், பின்மரத்தில் சதுரப்பாய் இல்லாவிட்டால் அதன் பேர் 'பார்க்'.

கேள்வி: ஆவணத்தில் '500 கிராஸ் டன்னேஜ்' என்று இருக்கிறது. எடை 500 டன் என்று தமிழில் எழுதலாமா?

கூடாது. அது மூடிய உள்ளிடத்தின் கன அளவிலிருந்து கணக்கிடும் எண், அதற்கு அலகே கிடையாது. கலத்தின் எடை வேண்டுமென்றால் டிஸ்பிளேஸ்மென்ட் பாருங்கள். சரக்கு, எரிபொருள், ஆட்கள் எல்லாம் சேர்த்து எவ்வளவு தாங்கும் என்றால் டெட்வெயிட். மூன்றையும் குழப்பிய மொழிபெயர்ப்புகள் நிறையவே உலவுகின்றன.